தென்னந்தோப்பின் இலக்கணம்

என் தம்பி மகள் யோகேஸ்வரி எழுதிய ஒரு வாக்கியம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தும் முடியவில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே தடத்தில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எது எங்கே ஏறி எங்கே இறங்கும் என்பதில் எனக்குத் தப்பு வராது. ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுக்கப் போன நாள் அது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசியாக ஒருமுறை சரிபார்க்கிறேன் என்று முடிவுரையை வாய்விட்டு வாசித்தாள். "மேற்கண்ட ஆய்வேடுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து" என்று வண்டியோடு புறப்பட்ட வாக்கியம், வன்னியம்பட்டி விலக்கில் ஒரு கமாவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "என்பதோடு மட்டுமன்றி" என்று மறுபடி கியர் போட்டது. முன்சீட்டுக்காரர் அந்த விலக்கில் இறங்க வேண்டியவர். எழுவாய்க்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இறங்க அவருக்கு மனம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் இறங்கிவிட்டோம். வினைமுற்று ஒருவேளை வண்டியிலேயே கிடக்குமோ என்ற சந்தேகத்தில் அவர் சிவகாசி வரை போய், கொழுந்தியாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியதாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்த வாக்கியம் எப்படி அவ்வளவு நீண்டது என்பதுதான் கதை.

யோகேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்திவிடுவார்கள். தற்காலிக வேலை. ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை தொடரும், முனைவர் பட்டம் வந்தால் நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கொடுக்காவிட்டால் ஜூனில் அவள் நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்புக்கும் ஒரு நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனிமேல் நீட்டுவதற்குப் பல்கலைக்கழகத்திடம் எதுவும் இல்லை. ஏப்ரல் கடைசிதான் கெடு.

அவள் எடுத்துக்கொண்டது ஆய்வேடுகளின் மொழிநடை. மற்றவர்கள் எதை ஆராய்ந்தார்கள் என்பது பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆராய்ந்ததை எந்த இலக்கணத்தில் எழுதினார்கள் என்பதைத்தான் ஆராய்வாள். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல், மற்றவர்கள் எப்படி மெல்லுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிற வேலையாக எனக்கு இது பட்டது. அதை அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டு ஊர்க் கல்லூரி நூலகங்களிலும் தூசி தட்டி நாற்பது ஆய்வேடுகளைத் தேர்ந்தெடுத்தாள். இலக்கியத்தில் நாய் என்று ஒன்று. தாலாட்டு என்று ஒன்று. மலையடிவாரத்து மாந்தோப்புக் காவல்காரர்களின் விடுகதைகள் என்று ஒன்று. எல்லாவற்றையும் வரி வரியாகப் பிரித்து அட்டைகளில் எழுதினாள். வீட்டில் உட்கார இடமில்லாமல் போனது. என் தம்பி அரிசிப் பானைக்குள் கையை விட்டால் செயப்பாட்டுவினைதான் வந்தது.

அவளுடைய நெறியாளர் டாக்டர் ஞானராஜ். நல்ல மனுஷன். ஆனால் எந்தக் காரியத்தையும் தான் செய்ததாக ஒப்புக்கொள்ளாதவர். வீட்டுக்குப் போனால் "தேநீர் அருந்தப்படலாமே" என்பார். ஒருமுறை அவருடைய ஸ்கூட்டர் காணாமல் போனது. "வைக்கப்பட்ட இடத்தில் வண்டி காணப்படவில்லை, எடுத்துச் செல்லப்பட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு" என்று புகார் எழுதிக் கொடுத்தார். யாரும் எதுவும் செய்யாத இந்தச் சம்பவத்தில் யாரைப் பிடிப்பது என்று ஏட்டையா திகைத்துக்கொண்டிருந்தபோது, திருடனே மனம் நொந்து வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் இன்பம் அம்மாளிடம், "தாங்கள் விரும்பப்படுகிறீர்கள்" என்றாராம். யாரால் என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாளுக்கு மூன்று மாதம் ஆனது.

யோகேஸ்வரி முதன்முதலில் அவரிடம் எழுதிக்கொண்டு போனது இரண்டே வரி. "நான் நாற்பது ஆய்வேடுகளை வாசித்தேன். எல்லாம் ஒருவரே எழுதியவை போல இருக்கின்றன." ஞானராஜ் சிவப்பு மையில் 'நான்' என்பதைச் சுழித்து, ஓரத்தில் 'யார் இவர்?' என்று எழுதித் திருப்பினார். ஆய்வேட்டில் நான் என்று ஒருவர் கிடையாதாம். ஆய்வாளர் என்று ஒருவர் உண்டு. அவரும் அதிகமாகக் கண்ணில் படக் கூடாது. திருத்திக் கொண்டுபோனாள். 'இருக்கின்றன' என்று இப்படி முகத்துக்கு நேரே சொன்னால் யாராவது இல்லை என்பார்கள்; 'இருத்தல் கூடும்' என்று போடு என்றார். போட்டாள். 'ஒருவரே எழுதியவை போல' என்பது பேச்சு வழக்கு, ஆய்வு ஆகாது என்று அதை அடித்தே விட்டார். இப்படி ஒரு இயல் போய் வர மூன்று மாதம் ஆகும். போகும்போது மெலிந்து போகும். வரும்போது ஊதிப்போய் வரும்.

அவள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "நான் என்ன கண்டுபிடிச்சேன்னு எனக்கே வாசிச்சா புரிய மாட்டேங்கு, பெரியப்பா."

கண்டுபிடித்தது என்னவோ உண்மை. நாற்பது ஆய்வேடுகளிலும் பத்திகள் 'மேற்படி' என்று தொடங்கி 'என்பது ஈண்டு நோக்கத்தக்கது' என்று முடிந்தன. ஆய்வு எல்லை என்ற பகுதி வந்தால் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு பக்கமும் வரப்பு கட்டியது. எழுதியவர் எவரானாலும் இந்த ஆய்வைத் தம் முழு மனச் சம்மதத்துடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் மேற்கொண்டதாக உறுதி சொன்னார். ஆய்வுப் பொருளின்மீது யாதொரு வில்லங்கமும் இல்லை என்றார். நாய்க்கும் அதே வரி, தாலாட்டுக்கும் அதே வரி. ஏன் இப்படி என்று யோகேஸ்வரி மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு விடை கண்டாள். நம் ஆராய்ச்சியாளர்களின் மனம் நில உடைமை மனம். ஆராய்கிற பொருளைத் தன் பேரில் பட்டா போட்டுக்கொள்ளத் துடிக்கிறது. அதுதான் இலக்கணமாக வெளிப்படுகிறது.

ஞானராஜ் இதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாராம். 'ஆய்வுநடையின் நிலவுடைமை இலக்கணம்' என்று அவரே பெயர் சூட்டினார். சூட்டப்பட்டது என்றுதான் சொன்னார். அந்த ஒரு இயலை நம்பித்தான் மொத்த ஆய்வேடும் நின்றது.

ஏப்ரல் கடைசி வாரத்தில் அவள் தன் லேப்டாப்பில் அடித்ததை ஞானராஜின் கணினியில் திறந்தால், முந்நூறு பக்கமும் கட்டம் கட்டமாக வந்தது. ஒரு எழுத்து இல்லை. பல்கலைக்கழகம் கேட்கிற எழுத்துருவில், கேட்கிற ஓர அளவில் இரண்டு நாளில் அடித்து வாங்கிவரச் சொல்லிவிட்டார். அவள் அழுகிற நிலையில் எனக்குப் போன் செய்தாள். நான் சமுத்திரம் கடைக்குக் கூட்டிப்போனேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சமுத்திரம் கம்ப்யூட்டர்ஸ். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதால் நான் ஓய்வு பெற்ற காலத்தையெல்லாம் அதன் அடியில்தான் கழிக்கிறேன். சமுத்திரம் பத்திர எழுத்தர் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து, பிறகு சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிக் கடை வைத்தவன். அவன் விரல் வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆய்வேடு அடித்து அடித்து அவன் கீபோர்டில் 'ப', 'ட' இரண்டு கட்டையும் தேய்ந்து, அடியில் இருந்த தகடும் தேய்ந்து, இப்போது அந்த இடத்தில் மேசையையே நேரடியாகத் தட்டுகிறான். எழுத்து விழத்தான் செய்கிறது.

யோகேஸ்வரி லேப்டாப்பில் அடிப்பதற்கு முன் எழுதி வைத்திருந்த கைப்பிரதியைக் கொடுத்தாள். சமுத்திரம் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, திரையில் ஒரு ஆய்வேட்டைத் திறந்தான். முதல் பக்கத்தில் 'இலக்கியத்தில் நாய்' என்று இருந்தது.

"அண்ணாச்சி, இது நாய் ஆய்வேடு. என்னுது வேற."

"தெரியும் தாயி. நாயை எடுத்துட்டு உன்னய வைக்கணும். செத்த நேரம் பொறு."

அவன் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்தான். 'மேற்படி' என்பதைத் தொடவில்லை. நடுவில் இருந்த நாயை அழித்தான், அந்த இடத்தில் அவளுடைய வரியை வைத்தான். 'என்பது ஈண்டு நோக்கத்தக்கது' என்பதைத் தொடவில்லை. அடுத்த பத்திக்குப் போனான். யோகேஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சோடா வாங்கிவரச் சொன்னேன்.

"புதுசா ஒண்ணு திறந்து அடிங்கண்ணாச்சி" என்றாள்.

"புதுசா திறந்தா எழுத்து ஓடிப்போயிரும். மார்ஜின் ஒரு பக்கம் போவும், பக்க நம்பர் ஒரு பக்கம் போவும். கடை வச்ச நாள்ல இருந்து நான் புதுசா எதையும் திறந்ததில்ல. தலையும் வாலும் அப்படியே கெடக்கும். வயித்த மட்டும் மாத்துவேன்."

"நாய்க்கு முன்னாடி இதுல என்ன இருந்துச்சு?"

"தாலாட்டு."

"அதுக்கு முன்னாடி?"

"மாந்தோப்பு விடுகதை. அதுக்கு முன்னாடி வரிசையா எத்தனையோ. எல்லாத்துக்கும் மொதல்ல நம்ம ஞானராஜ் சாரு. அவியதான் இங்க வந்த மொத டாக்டரு."

"சாருக்கு முன்னாடி?"

சமுத்திரம் கையை நிறுத்தி யோசித்தான். "சாருக்கு முன்னாடி வ. புதுப்பட்டி இருளப்பசாமியோட தென்னந்தோப்பு. கிரயப் பத்திரம். மதுரைல இருந்து மிஷினை மாட்ட வந்த பையன் அந்தப் பத்திரத்தை வச்சுத்தான் எழுத்தையும் ஓரத்தையும் செட் பண்ணிக் குடுத்தான். பொறவு அவன் வரவே இல்ல. நான் அதைக் கலைக்கவும் இல்ல."

நாலு எல்லை, முழு மனச் சம்மதம், பிறர் தூண்டுதல் இன்மை, வில்லங்கம் இன்மை எல்லாம் ஒவ்வொன்றாக அவள் மண்டைக்குள் போய் உட்காருவதை நான் பார்த்தேன்.

"நாலு வருஷம் பெரியப்பா. நாலு வருஷமா நான் இருளப்பசாமி தோப்பையா ஆராஞ்சேன்?"

"நல்ல தோப்புதான்" என்றேன். "காய்ப்புக்குக் குறையில்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் சோடா பாட்டில் தானாகத் திறந்துகொண்டது.

"அப்ப அடிக்கட்டா, வேண்டாமா?" என்று சமுத்திரம் கேட்டான்.

அவள் எழுந்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கிருந்த ஆய்வேடுகளை எல்லாம் இறக்கி, முன்பக்கத்து நன்றியுரைகளை மட்டும் வாசித்தாள். ஆராய்ச்சியைத் தொடங்கியபோதே ஞானராஜ், நன்றியுரை ஆய்வு ஆகாது, அதை ஆய்வு எல்லைக்குள் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தை அவள் புரட்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்கும், கல்லூரிக்கும், பெற்றோருக்கும், கடைசி வரியில் 'குறித்த காலத்தில் அழகுறத் தட்டச்சு செய்து உதவிய சமுத்திரம் அண்ணாச்சிக்கும்' நன்றி. எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் சமுத்திரம் இருந்தான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எல்லோரும் 'நான்' என்று எழுதியிருந்தார்கள். அதை மட்டும் சமுத்திரம் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடித்திருக்கிறான். நன்றியில் தப்பு வந்தால் வீட்டில் சண்டை வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே ஞானராஜ் வீட்டுக்குப் போனோம். தேநீர் அருந்தப்பட்டது. யோகேஸ்வரி சுற்றி வளைக்காமல் சொன்னாள்: இலக்கணம் எதுவும் இல்லை, மனப்பாங்கும் இல்லை, நாற்பது ஆய்வேடுகளும் ஒரு தென்னந்தோப்பின் மேல் அடிக்கப்பட்டவை, அதில் ஒன்று உங்களுடையது.

ஞானராஜ் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "ஆமா. நான் அங்கதான் அடிச்சேன்" என்றார். அவர் வாயிலிருந்து 'நான்' என்ற சொல் வந்ததைக் கேட்டு, வேறு யாரோ ஆம்பிளை வந்திருக்கிறார் என்று நினைத்து இன்பம் அம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யோகேஸ்வரி அந்த இயலை நீக்கிவிடுகிறேன் என்றாள். நீக்கினால் மீதி எதுவும் நிற்காது, கெடுவும் நிற்காது என்றார் அவர். வேறு ஊர் ஆய்வேடுகளை எடுத்து மறுபடி செய்யக் காலமும் இல்லை. அப்படியானால் உண்மையை எழுதுவேன் என்று அவள் எழுந்து நின்றாள். வேலை போனாலும் போகட்டும், பொய்யை அச்சடித்து நூலகத்தில் வைக்க மாட்டேன் என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஜூன் மாதத்தை நினைத்தால் பகீரென்றும் இருந்தது.

ஞானராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும்மா வேண்டாங்கா? உண்மை எழுதப்படட்டும். ஆனா நம்ம நடையில எழுதப்படணும்."

அப்படி எழுதியதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன வாக்கியம். முடிவுரையில் இருக்கிறது. மேற்கண்ட ஆய்வேடுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, அவற்றின் நடை ஒருமையானது ஆய்வாளர்தம் மனப்பாங்கினால் விளைந்தது என்பதினும், அவை யாவும் ஒரே விசைப்பலகையின்வழி உருவாக்கம் பெற்றமையாலும், அவ்விசைப்பலகை முதற்கண் ஒரு தோப்பின் உரிமை மாற்றத்திற்குப் பயன்படுத்தப்பட்டமையாலும் விளைந்திருத்தல் கூடும் எனக் கருத இடமுண்டு என்று, நடுவில் இன்னும் பல பஸ் நிறுத்தங்களோடு அது போகும். ஒரு பொய் கிடையாது. முதலில் ஒற்றை வரியாகத்தான் எழுதிக்கொண்டு போனாள். கெடு கழுத்தில் நின்றதால், மூன்று மாதமெல்லாம் எடுக்காமல் ஒரே நாளில் ஞானராஜ் நாலு தடவை திருப்பினார். ஒவ்வொரு தடவையும் அது ஒரு முழம் வளர்ந்தது. நாலாவது தடவை அவள் பேனாவை அவர் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அடித்தது சமுத்திரம்தான், நாயின் மேலேயே. வேறு வழி இல்லை. அவனைப் பற்றிய வாக்கியத்தை அவனே அடிக்கிறானே, ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏலே, நீ என்ன அடிக்கிறன்னு தெரியுதா என்று கேட்டேன். அடிக்கிறதை வாசிச்சா வேகம் கொறஞ்சிரும் அண்ணாச்சி என்றான்.

கெடுவுக்குள் கொடுத்தாயிற்று. ஜூனில் அவள் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். ஆனால் எட்டு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கவில்லை. தேர்வாளர்கள் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கிழித்து எறிவார்கள் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், கிழித்து எறியாமல் விட்டுவிடுவார்களோ என்பது. இரண்டாவது பயத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

தை மாதம் பொது வாய்மொழித் தேர்வு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பட்டம் கொடுக்கும் முன்னால் கல்லூரிக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி, வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளரை வரவழைத்து, கேள்வி கேட்பார்கள். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். அப்படி யாரும் உண்மையாகவே கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி நம்பிக்கையானவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது வழக்கம். எனக்கும் ஒரு சீட்டு வந்தது. 'இவ்வாய்வின் எல்லைகள் யாவை?' செட்டியார்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது ஒன்றுதான் அவர்களுடைய ஆய்வு வினா. பின்வரிசையில், கட்டு பிரியாத ஆய்வேட்டுப் பிரதிகளை மடியில் வைத்துக்கொண்டு சமுத்திரம் உட்கார்ந்திருந்தான்.

வெளித்தேர்வாளர் பேராசிரியர் பாலகணேஷ் எழுந்ததும் முடிவுரையைத்தான் திறந்தார். யோகேஸ்வரி மேடையில் இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டாள். அவர் அந்த வாக்கியத்தை முழுதாக வாசித்தார். கூடத்தில் இருவர் தூங்கி விழித்தார்கள். வாசித்து முடித்துவிட்டு, தம் வாழ்நாளில் இப்படி ஓர் உருவகத்தைக் கண்டதில்லை என்றார். ஒரே விசைப்பலகை என்பது நம் கல்விப்புலத்தின் கூட்டு மனம். தென்னந்தோப்பு என்பது மரபு. கிரயம் என்பது மரபை நவீனத்துக்கு விற்றுவிட்ட நம் குற்ற உணர்ச்சி. கைதட்டல் எழுந்தது. ஞானராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருவகம் இல்லைங்கய்யா" என்றாள் யோகேஸ்வரி.

"ஆய்வாளரின் அடக்கம் போற்றத்தக்கது" என்றார் அவர்.

அது நேரடிப் பொருள்தான் என்று மறுபடி சொன்னாள். நேரடிப் பொருளையே உருவகமாக ஆக்கியிருப்பதுதான் இதன் சிறப்பு என்றார். நாலு வருஷம் உண்மையை எப்படிச் சொல்லக் கூடாது என்று படித்தவள். இப்போது சொல்ல வரவில்லை. அவள் கண் என்னைத் தேடியது.

பொதுமக்கள் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். நான் எழுந்தேன். சீட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டேன்: "அந்த விசைப்பலகை யாருதும்மா? எங்க இருக்கு?"

ஞானராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். யோகேஸ்வரிக்கு உயிர் வந்தது. மைக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "ராஜபாளையத்துல, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. சமுத்திரம் அண்ணாச்சி கடையில. அந்தா கடைசில உக்காந்திருக்காருல்ல, அவரு வச்சிருக்காரு. இங்க உள்ள ஆய்வேடு எல்லாம் அவரு ஒரு தோப்புப் பத்திரத்து மேல அடிச்சது. என்னுதும்தான். இதுக்கு மேல நான் எப்படிச் சொல்லணும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சமுத்திரம் பிரதிகளை இறக்கி வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டான். "ஆமாங்கய்யா. என்னுதுதான். 'ப'வும் 'ட'வும் மட்டும் தேஞ்சிருக்கு."

இப்போதாவது ஒருவருக்குக் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். பாலகணேஷ் மேடையை விட்டு இறங்கி, பின்வரிசைக்கு நடந்து போய், சமுத்திரத்தின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார். தரவு தந்த தகவலாளியையே அவைக்கு அழைத்து வந்து காட்டிய கள ஆய்வை இதுவரை பார்த்ததில்லை என்றார். தமக்குப் போர்த்துவதற்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைப் பொன்னாடையைச் சமுத்திரத்துக்குப் போர்த்தினார். அந்தப் பொன்னாடை இரண்டு ஊருக்கும் நடுவில் எத்தனையோ வருஷமாகப் போய் வந்துகொண்டிருக்கிற ஒன்று. எனக்கு அதன் ஓரத்துச் சாம்பார்க் கறை நன்றாகத் தெரியும். யோகேஸ்வரிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். செட்டியார்பட்டி ஆட்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு எழுந்து ஓடினார்கள்.

எல்லோரும் கைகொடுத்துவிட்டுப் போன பிறகு, அவள் கேசரியைத் தொடாமல் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தராச்சும் கோவப்பட்டிருக்கலாம், பெரியப்பா."

வேலை நிரந்தரமாகிவிட்டதே என்றேன். ஆமா என்றாள். கேசரியை என் இலைக்குத் தள்ளினாள்.

இந்த ஜூனில் ஒருநாள் நான் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது, ஜெமி என்று ஒரு பெண் சமுத்திரம் கடைக்கு வந்திருந்தாள். ஞானராஜிடம் ஆராய்ச்சி செய்கிறவள். தேவாலயத் தோட்டங்களில் உள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்திருந்தாள். சமுத்திரம் மடித்து வைத்திருந்த பொன்னாடையால் திரையைத் துடைத்துவிட்டு, யோகேஸ்வரியின் ஆய்வேட்டைத் திறந்து வயிற்றை மாற்ற ஆரம்பித்தான். பணிநிரந்தர ஆணையை நகலெடுக்க யோகேஸ்வரியும் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். திரையில் முடிவுரை ஓடிக்கொண்டிருந்தது. மேற்படி கல்லறைகள் யாவும் ஒரே விசைப்பலகையின்வழி உருவாக்கம் பெற்றமையாலும், அவ்விசைப்பலகை முதற்கண் ஒரு தோப்பின் உரிமை மாற்றத்திற்குப் பயன்படுத்தப்பட்டமையாலும்.

யோகேஸ்வரி கைப்பையை மேசையில் வைத்தாள். அந்த வரியை எடுத்துவிடும்படி ஜெமியிடம் சொன்னாள். அது உன் கல்லறைக்குப் பொருந்தாது, அது எனக்கு நடந்தது, என் நாலு வருஷம் என்றாள்.

ஜெமி தயங்கினாள். "சாரு அந்த வரி கட்டாயம் இருக்கணும்னு சொல்லிட்டாங்கக்கா. அது இல்லன்னா ஆய்வேடு மாதிரி இருக்காதாம்."

யோகேஸ்வரி சமுத்திரத்தை எழுந்திருக்கச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து அவனும் எழுந்துவிட்டான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கடை திறந்த நாளிலிருந்து யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். வெள்ளையாக வந்தது. சமுத்திரம் கண்ணை மூடிக்கொண்டான். ஜெமி சிலுவை போட்டுக்கொண்டாள். யோகேஸ்வரி ஒரு விரலால், ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி, 'நான்' என்று அடித்தாள்.

திரையில் எழுத்துக்குப் பதிலாக மூன்று வெற்றுக் கட்டங்கள் வந்து நின்றன.

"சொன்னேன்ல தாயி" என்றான் சமுத்திரம்.